கடவுச்சொல் முதலாளியின் பீரோவில் இருக்கட்டும்

திருப்பூரில் சிறு பனியன் கம்பெனிகளுக்கு ஈஆர்பி நெக்ஸ்ட் என்ற நிர்வாக மென்பொருளைப் போட்டுக்கொடுப்பது என் பிழைப்பு. இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்: என்னைப் போன்றவர்களை முழுக்க நம்பிவிடாதீர்கள்.

மும்பைக்காரரான ருஷப் மேத்தா, தன் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலுக்கு ஒத்துவரும் மென்பொருள் அமையாமல் தானே எழுதத் தொடங்கியதுதான் ஈஆர்பி நெக்ஸ்ட். ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமம் என்பதால் தலைக்கு இவ்வளவு என்ற சந்தா கிடையாது. நூல் நிட்டிங்குக்குப் போய், துணி சாயப்பட்டறையில் எடை மாறித் திரும்பி, கட்டிங், பவர்டேபிள் என்று பத்து பேர் கையில் சரக்கு சுற்றும் ஊர் எங்களுடையது. எந்தப் பட்டறையில் எத்தனை கிலோ நிற்கிறது என்பது தெரிந்தாலே முதலாளிக்குப் பாதித் தலைவலி குறையும். "சொந்த சர்வர்லயே போட்டுக் குடுங்க" என்று அவர்கள் கேட்பது நியாயம்தான்.

நிறுவுவது பெரிய வித்தையல்ல. உபுண்டு, மரியாடிபி, ரெடிஸ், பிறகு 'பெஞ்ச்' என்ற அதன் கருவியின் கட்டளைகள். கை பழகியவருக்கு ஒரு மத்தியான வேலை. 14-ஆம் பதிப்பிலிருந்து ஜிஎஸ்டி பகுதி 'இந்தியா கம்ப்ளையன்ஸ்' என்ற தனிச் செயலியாகப் பிரிந்துவிட்டது; அதையும் சேர்க்க வேண்டும். பில் அச்சாகி வந்ததும் கைகுலுக்கிப் பணம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ரூட் கடவுச்சொல், டொமைன் பதிவு, கிளவுட் கணக்கு எல்லாம் எங்கள் மின்னஞ்சலிலேயே தங்கிவிடுகின்றன. வீட்டை வாங்கிவிட்டுப் பத்திரத்தைத் தரகர் வீட்டில் வைத்தது போலத்தான்.

"முதலாளி கையில் ரூட் கொடுத்தால் எதையாவது நோண்டிவிடுவார்" என்று சக தொழில்காரர்கள் சொல்கிறார்கள். உறையில் போட்டு ஒட்டி பீரோவில் வைக்கச் சொல்லுங்களேன். நோண்டுகிறவர் உறையைக் கிழித்தல்லவா நோண்ட வேண்டும்?

பேக்கப் கதை இன்னும் மோசம். 'பெஞ்ச் பேக்கப்' என்று மட்டும் கொடுத்தால் தரவுத்தளம்தான் வரும். ஸ்கேன் செய்த பில், டிசைன் படம் எல்லாம் வேண்டுமென்றால் கோப்புகளையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எடுத்த நகலும் அதே சர்வரின் அதே டிஸ்கில் உட்கார்ந்திருக்கும். டிஸ்க் போனால் இரண்டும் போச்சு. சைட் கான்ஃபிக் கோப்பில் ஒரு குறியாக்கச் சாவி இருக்கிறது. அது தொலைந்தால், வேறு கணினியில் கணக்கை மீட்டாலும் உள்ளே சேமித்த மின்னஞ்சல் கடவுச்சொற்கள் திறக்காது.

கணினியில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் நகல் வைக்க வேண்டும் என்று 2022-இல் கம்பெனிச் சட்ட விதியைத் திருத்தினார்கள். தனிநபர் நிறுவனத்துக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் அந்த விதி இல்லை. எங்கள் ஊரில் பெரும்பாலான பட்டறைகள் அந்த ரகம். விதி இல்லையென்று டிஸ்க் சும்மா விடுமா?

ஆகவே, கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள். நேற்றைய நகலை வேறொரு கணினியில் ஏற்றி, நேற்றுப் போட்ட டெலிவரி சலானை உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் பணத்தை நிறுத்துங்கள். காட்டினால் ஆண்டுக்கு இரண்டு முறை இதையே செய்ய ஒரு தொகை பேசி முடியுங்கள். ஓசியில் கேட்காதீர்கள், ஓசி வேலை அப்படித்தான் இருக்கும். கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் மட்டும் புதுப் பதிப்புக்கு மாற்றச் சொல்லி யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள், நானே வந்தாலும்.