ரெண்டு மணி அலாரம்

ரெண்டு வாரமா இந்தப் பக்கத்துல என்னைக் காணோம்னு தேடின நாலு பேருக்கும் (அதுல ரெண்டு பேர் என் ரூம்மேட்ஸ்) நன்றி. ஒரு வீக் எண்ட் கொல்லிமலையில இருந்தேன். அடுத்த வீக் எண்ட் எங்க வீட்டுல ஒரு கட்டில் பக்கத்துல இருந்தேன். ரெண்டையும் சேர்த்துச் சொன்னாத்தான் கதை புரியும்.

எல்லா கேங்க்லயும் ஒரு கோவா பிளான் இருக்கும். ஃபர்ஸ்ட் இயர்ல கோவாவா ஆரம்பிக்கும். செகண்ட் இயர்ல ஊட்டியா சுருங்கும். தேர்ட் இயர்ல, 'ஒழுங்கா பஸ்ல போற தூரத்துல ஏதாச்சும் பாருங்கடா'னு முடியும். எங்க கோவா, கொல்லிமலையா மாறினது அப்படித்தான். ஆறு பேர், ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் பட்ஜெட்.

கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டு நிலவரத்தைச் சொல்லிடறேன். சொந்த ஊர் துறையூர். நான் திருச்சியில ஹாஸ்டல்ல தங்கி சிவில் படிக்கிறேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எங்க அப்பாயி (அப்பாவோட அம்மா, வயசு 81) கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிடுச்சு. இதயம் பலவீனமா இருக்கறதால ஆபரேஷன் வேணாம்னுட்டாங்க டாக்டர்ஸ். அன்னிலேர்ந்து கட்டில்தான்.

'படுத்த படுக்கை'னு ரெண்டே வார்த்தையில சொல்லிடறோம். பக்கத்துல இருந்து பார்த்தாத்தான் அதுல எவ்வளவு வேலைனு தெரியுது பாஸ்! ஒரே பக்கமா படுத்திருந்தா, எலும்பு அழுத்தற இடத்துல ரத்த ஓட்டம் நின்னு தோல் புண்ணாயிடும். அதான் படுக்கைப்புண். வந்துட்டா லேசுல ஆறாது. வராம தடுக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். ராத்திரியும்தான். பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலு... செமஸ்டருக்குக்கூட நான் இப்படி முழிச்சதில்ல!

தமிழக அரசு 2021-ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்காதான் முறையா சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு முட்டிக்கும் நடுவுல தலையணை வைக்கணும். தோளும் இடுப்பும் தனித்தனியா முறுக்கிக்காம, மரக்கட்டையை உருட்டற மாதிரி ஒண்ணா திரும்பணும். (உங்க வீட்டுலயும் இப்படி யாராச்சும் இருந்தா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுப் பாருங்க.)

சனிக்கிழமை ஊருக்குப் போனா ராத்திரி ரெண்டு மணி டர்ன் மட்டும் என்னோடது. அதுக்கு போன்ல ஓர் அலாரம். மத்ததெல்லாம் அம்மா. அப்பா அரிசி மண்டியில கணக்கு எழுதறார். காலையில எட்டுக்குப் போனா ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவார். அசதியில தூங்கிடுவார்.

டூர் மேட்டரை பயந்துகிட்டேதான் சொன்னேன். அம்மா யோசிக்கவே இல்ல. "போயிட்டு வாடா தம்பி. இந்த வயசுல போகாம எப்பப் போவே? நான் பாத்துக்கறேன்."

இந்த 'நான் பாத்துக்கறேன்' இருக்கே, அதைக் கேட்டதும் நாம பேக்கைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவோம். நானும் கிளம்பிட்டேன்.

நாமக்கல் போய், அங்கேர்ந்து மலை பஸ். காரவள்ளி தாண்டினதும் ஆரம்பிக்குது பாருங்க... மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு! எங்க கேங்க்ல 'சயின்டிஸ்ட்'னு ஒருத்தன் உண்டு. 'வளைவுல பஸ் ஏன் வெளிய தூக்கி எறியப்படறதில்ல தெரியுமா'னு கிளாஸ் எடுத்துக்கிட்டே வந்தான். 26-வது வளைவுல ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கினான். அதுக்கப்புறம் அவன் பேசவே இல்ல.

செம்மேட்டுல வல்வில் ஓரி சிலை முன்னாடி போட்டோ. கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர்ங்கறதால, அவர் சாட்சியா எங்க கேங்க் கஞ்சன் டீ வாங்கிக் குடுத்தான். அப்புறம் அறப்பளீஸ்வரர் கோயில். அங்கேர்ந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். இறங்கறப்ப ஓடினோம். குளிச்சோம், கத்தினோம், தண்ணி விழற சத்தத்துல அரியர் எல்லாம் மறந்துபோச்சு. ஏறறப்ப பத்துப் படிக்கு ஒருதரம் உட்கார்ந்தோம்.

மேல வந்தா முடவாட்டுக்கால் சூப் கடை. கிழங்குனு சொன்னாலும், அது பாறையிலயும் மரத்துலயும் படர்ற ஒரு பெரணிச் செடியோட தண்டு. மேல ரோமத்தோட ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். 'மூட்டு வலி, எலும்பு வலிக்கு நல்லது தம்பி'ன்னார் கடைக்காரர். அப்பாயி ஞாபகம் வந்து அரைக் கிலோ வாங்கினேன். 'ஆகா, நமக்கு எவ்வளவு பாசம்'னு எனக்கே ஒரு பெருமை!

அன்னிக்கு ராத்திரி லாட்ஜ்ல ஒரே ரூம்ல ஆறு பேர். நல்ல குளிர். சீட்டுக்கட்டு முடிஞ்சு ஒரு மணிக்குத்தான் படுத்தோம். திடீர்னு அலாரம்! மணி ரெண்டு. ஆஃப் பண்ண மறந்துட்டேன். தலையணை பறந்து வந்துச்சு, கூடவே எழுத முடியாத வார்த்தைகளும்.

அலாரத்தை நிறுத்திட்டேன். தூக்கம் வரல. ஆகாய கங்கையில விழற அய்யாத்துத் தண்ணி இறங்கி எங்க பக்கம் புளியஞ்சோலைக்குத்தான் வருது. அதாவது, மலைக்கு அந்தப் பக்கம் எங்க வீடு. இந்த நேரத்துல அங்க அம்மா எழுந்திருப்பாங்க. ஒரு கையால அப்பாயி தோளையும் இன்னொரு கையால இடுப்பையும் பிடிச்சுத் தனியா திருப்பிட்டு இருப்பாங்க. ரெண்டு மாசமா தினம் ராத்திரி நாலு தடவை. நான் வாரத்துல ஒருநாள் ஒரு டர்ன் பார்த்துட்டு, 'நானும் ஹெல்ப் பண்றேன்'னு சொல்லிட்டுத் திரியறேன்.

சிவில் ஸ்டூடன்ட் பாஸ் நான். மொத்த லோடையும் ஒரே தூண்ல இறக்கினா என்ன ஆகும்னு எக்ஸாம்ல பத்து மார்க்குக்கு எழுதறேன். வீட்டுல மட்டும் தெரியல.

ஞாயித்துக்கிழமை ராத்திரி அன்னாசிப்பழமும் கிழங்குமா வீட்டுக்குப் போனேன். "அம்மா, அடுத்த வாரம் உனக்கு லீவு. எங்க போகணும் சொல்லு?"ன்னேன். பழனி, திருச்செந்தூர்னு சொல்வாங்கனு நினைச்சேன். அம்மா ரொம்ப நேரம் யோசிச்சுட்டுச் சொன்னாங்க: "எங்கயும் வேணாம்டா. ஒரு ராத்திரி நடுவுல எந்திரிக்காம தூங்கணும்."

அடுத்த சனிக்கிழமை காலையில அம்மாவை முசிறியில சித்தி வீட்டுக்கு பஸ் ஏத்தி விட்டேன். அப்பா மண்டிக்குப் போயிட்டார். வீட்டுல நானும் அப்பாயியும்.

எட்டு மணிக்கு வெச்ச தண்ணி டம்ளர் பதினொரு மணிக்கும் அப்படியே இருந்துச்சு. கேட்டா, "தாகமில்ல". மத்தியானம் பார்த்தா உதடு காய்ஞ்சு வெடிச்சிருக்கு. திரும்பத் திரும்பக் கேட்டப்புறம்தான் உண்மை வந்துச்சு.

"குடிச்சா அப்புறம் உன்னையில்ல சாமி கூப்பிடணும்? வயசுப் பையன்... உங்கம்மா வரட்டும்."

நாளைக்குச் சாயங்காலம்தான் அம்மா வருவாங்க! எனக்கு என்ன பதில் சொல்றதுனே தெரியல. "அப்பாயி, நீ குடி. நான் கண்ணை மூடிக்கறேன்"ன்னேன். அப்பாயி என்னைப் பார்த்துட்டு, "கண்ணை மூடிக்கிட்டா பாத்திரத்தை எங்கடா வைப்பே?"ன்னாங்க. ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல. ஒரு டம்ளர் முழுசா குடிச்சாங்க. அன்னிக்கு ரெண்டு தடவை பெட்ஷீட் மாத்தினேன். முதல் தடவைதான் கூச்சம், அவங்களுக்கும் எனக்கும்.

ராத்திரி டூட்டியை அப்பாவும் நானும் பிரிச்சுக்கிட்டோம். நாலு மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்தவர், "இத்தனை நாளா உங்கம்மா என்னை எழுப்பவே இல்லியேடா"ன்னார். நான் ஒண்ணும் சொல்லல.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அம்மா வந்தாங்க. ராத்திரி ஒன்பதுலேர்ந்து காலையில ஏழு வரைக்கும் தூங்கினாங்களாம். முகமே வேற மாதிரி இருந்துச்சு. வந்ததும் பையைக்கூட கீழ வைக்காம அப்பாயி முதுகு, இடுப்பு, குதிகால்னு பார்த்தாங்க. இடது குதிகால்ல லேசா சிவப்பு! கணுக்காலுக்குக் கீழ துணியைச் சுருட்டி வைக்கணும்னு நர்ஸ் அக்கா சொன்னதை நான் மறந்தே போயிட்டேன். அம்மா விரலால அழுத்திப் பார்த்தாங்க. அழுத்தினா வெளுத்துப் போகணும், போகாம சிவப்பாவே இருந்தா புண் ஆரம்பிக்குதுன்னு அர்த்தமாம். எனக்கு மூச்சே நின்னுடுச்சு. நல்லவேளை, வெளுத்துச்சு!

"பரவால்லடா, அடுத்த தடவை பாத்துக்கலாம்"னாங்க அம்மா. அந்த 'அடுத்த தடவை'யை நான் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். இப்ப எங்க வீட்டு காலண்டர்ல ரெண்டாவது சனிக்கிழமைக்கு எல்லாம் வட்டம் போட்டிருக்கு. அது அம்மாவோட லீவு. மத்த நாள்ல நாலு மணி டர்ன் அப்பாவோடது.

உங்க வீட்டுலயும் லீவே இல்லாம ஓடற ஆள் ஒருத்தர் இருப்பாங்க. அடுத்த டூருக்கு குரூப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அவங்களுக்கு எப்ப லீவுனு ஒரு வார்த்தை கேளுங்களேன். 'எதுக்குடா அதெல்லாம்'னுதான் சொல்வாங்க. விடாதீங்க, ரெண்டாவது தடவையும் கேளுங்க.

அந்த முடவாட்டுக்கால் சூப் என்னாச்சுனு கேக்கறீங்களா? நர்ஸ் அக்காகிட்ட கேட்டுட்டு அம்மா வெச்சுக் குடுத்தாங்க. அப்பாயி ஒரு வாய் குடிச்சுட்டு, "உப்பு பத்தல"ன்னு தள்ளிட்டாங்க. மீதி முழுக்க எனக்கு!

நேத்து 'சயின்டிஸ்ட்' கேட்டான், "மச்சான், அடுத்த மாசம் ஏற்காடு. வர்றியா?"

"ரெண்டாவது சனிக்கிழமையைத் தவிர என்னிக்குனாலும் ஓகேடா!"