பெயரைப் பார்த்து இணையாதீர்கள்

பல்கலைக்கழகப் பதிவு நாளன்று பிள்ளையோடு சேர்ந்து காரில் என்னென்ன போகிறது? தலையணை, வாளி, மைலோ பாக்கெட், பாட்டி சுட்ட முறுக்கு டப்பா, புது மடிக்கணினி. மற்றதெல்லாம் முதல் நாளே பயன்பட்டுவிடும். மடிக்கணினி மட்டும் அடம்பிடிக்கும். திரையில் வைஃபை குறி முழுதாகத் தெரியும். சொடுக்கினால் "இணைக்க முடியவில்லை" என்று வரும்.

அண்மையில் நிகழ்ச்சி முடிந்த நேரம் ஓர் அம்மா அழைத்தார். "தம்பி, மகன் யூனில வைஃபை கிடைக்கலன்னு டேட்டா போட வாரத்துக்கு ரெண்டு தடவ காசு கேக்குறான். அவ்வளவு பெரிய யூனில வைஃபை இல்லாமலா இருக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. வைஃபை இருக்கிறது. ஆனால் வீட்டு வைஃபை போலவோ, உணவுக்கடை வைஃபை போலவோ அது வேலை செய்வதில்லை. அந்த வித்தியாசத்தை முதல் வாரத்தில் யாரும் உட்கார வைத்துச் சொல்வதுமில்லை.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். பல்கலைக்கழகத்தில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். அங்கே பெரும்பாலும் 'எடுரோம்' என்ற பெயரில் ஒரு வலையமைப்பு தெரியும். 2002ஆம் ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த கிளாஸ் வியரெங்கா முன்வைத்த யோசனை அது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. மலேசியாவில் மைரென், சிங்கப்பூரில் சிங்கரென் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்புகள் இதை ஒருங்கிணைக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும், தன் சொந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்தே இணையலாம்.

எப்படி? ஏடிஎம்மை நினைத்துக்கொள்ளுங்கள். வேறொரு வங்கியின் இயந்திரத்தில் நம் அட்டையைப் போடுகிறோம். அந்த இயந்திரம் நம் வங்கியைக் கேட்கிறது. நம் வங்கி "சரி" என்றால் பணம் வருகிறது. எடுரோமிலும் நீங்கள் போயிருக்கும் வளாகம் உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தைத்தான் கேட்கிறது. கடவுச்சொல் சரிபார்ப்பு, பூட்டிய குழாய்க்குள் போவதுபோல், உங்கள் பல்கலைக்கழகக் கணினியோடு நேராக நடக்கிறது. விருந்து கொடுக்கும் வளாகத்துக்குத் தெரிவது "ஆம்" அல்லது "இல்லை" மட்டுமே.

இந்த ஒன்று புரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. முதலாவது, பயனர் பெயர். வெறும் மாணவர் எண் போதாது. எண்ணுக்குப் பின் 'அட்' குறி, அதன் பின் பல்கலைக்கழகம் குறிப்பிட்டுள்ள முகவரிப் பகுதி, எல்லாம் வேண்டும். அந்தப் பின்பகுதிதான் யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறது. அது இல்லாமல் சொந்த வளாகத்தில் சில நேரம் இணைப்பு கிடைக்கலாம். வெளி வளாகத்தில் கிடைக்காது.

இரண்டாவது, சான்றிதழ். இங்கேதான் தம்பி தங்கைகள் அவசரப்படுகிறார்கள். முதல் முறை இணையும்போது கணினி ஒரு கேள்வி கேட்கும். விண்டோஸில் "தொடர்ந்து இணையவா?" என்று வரும், ஐபோனிலும் மேக்கிலும் சான்றிதழைக் காட்டி "நம்பலாமா?" என்று வரும். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, பட்டென்று "ஆம்". அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம்.

முடியவில்லை. வைஃபை பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். சின்னக் கருவி ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அதற்கும் 'எடுரோம்' என்றே பெயர் சூட்டி, ஒருவர் நூலக வாசலில் உட்காரலாம். போலி ஏடிஎம் போலத்தான். சான்றிதழைச் சரிபார்க்காத கணினி அதோடும் இணைய முயலும்; கடவுச்சொல்லைக் கறந்துவிட வழி பிறக்கும். அந்தக் கடவுச்சொல் வைஃபைக்கு மட்டுமா? பல இடங்களில் மின்னஞ்சல், பாடப் பதிவு, இடுபணி ஒப்படைப்பு, கட்டண விவரம் எல்லாவற்றுக்கும் அதுவேதான். மாணவரின் மொத்தச் சாவிக்கொத்து அது. ஆண்ட்ராய்டு 11 முதல் பல கைப்பேசிகளில் "சரிபார்க்க வேண்டாம்" என்ற தேர்வையே எடுத்துவிட்டதற்குக் காரணமும் இதுதான்.

ஆகவே "நம்பு" என்று அழுத்துமுன், திரையில் காட்டும் பெயர் உங்கள் பல்கலைக்கழகத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு கொடுத்த பெயர்தானா என்று பாருங்கள். இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. 'கெட் எடுரோம்' என்ற செயலி அல்லது எடுரோமின் 'கேட்' அமைப்புக் கருவி. உங்கள் பல்கலைக்கழகம் அதில் இருந்தால், பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். சான்றிதழ் உட்பட எல்லாவற்றையும் அதுவே சரியாக அமைத்துவிடும். முக்கியமாக, இதை வீட்டிலேயே, வீட்டு இணையத்தில் செய்துவிட்டுக் கிளம்புங்கள். வைஃபை இல்லாத இடத்தில் வைஃபைக்கான கோப்பை எங்கே போய் இறக்குவது?

இத்தனை செய்தும் இணையவில்லையா? கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தேதி தவறினால், நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும். கடவுச்சொல்லை அண்மையில் மாற்றினீர்களா? கணினி பழையதையே நினைவில் வைத்திருக்கும். அந்த வலையமைப்பை "மறந்துவிடு" என்று சொல்லி, அமைப்பைப் புதிதாகச் செய்யுங்கள். விடுதியில் கருவியைப் பதிவு செய்யச் சொன்னார்களா? புதிய கைப்பேசிகளும் கணினிகளும் தங்கள் வன்பொருள் முகவரியை மறைத்து, வேறொன்றைக் காட்டக்கூடும். பதிந்த முகவரி ஒன்று, காட்டும் முகவரி வேறொன்று என்றால் கதவு திறக்காது. அந்த ஒரு வலையமைப்புக்கு மட்டும் மறைப்பை நிறுத்துங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உதவி முகப்புக்கு நடந்து போங்கள். "வைஃபை வரல" என்று மட்டும் சொல்லாமல், எந்த இடம், எத்தனை மணி, திரையில் வந்த வாசகம் என்ன என்று சொல்லுங்கள். வேலை சீக்கிரம் முடியும்.

பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புறப்படுமுன் சொந்த வளாகத்தில் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். அங்கே போய் மாட்டிக்கொண்டால், உங்கள் கடவுச்சொல்லை அந்த ஊர்க்காரர் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று, நம் பிள்ளைகளின் நல்ல மனத்துக்காக. அறைத்தோழர் கேட்டார் என்று பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்காதீர்கள். அவர் எதைத் திறந்தாலும் பதிவில் நிற்பது உங்கள் பெயர். சோற்றைப் பகிரலாம், சட்டையைப் பகிரலாம். கையெழுத்தைப் பகிர முடியாதல்லவா?

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்தத் தொழில்நுட்பமெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. வார இறுதியில் பிள்ளை அழைக்கும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, "வைஃபை அமைச்சிட்டியா, ஐடி ஆபிஸ்ல கேட்டியா?" என்றும் கேளுங்கள். கூச்சத்தால் உதவி முகப்புக்குப் போகாமல், மாதக்கணக்கில் டேட்டா வாங்கிப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு அந்தக் கூச்சம் கொஞ்சம் கூடுதல். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வைஃபை. அதற்கான கட்டணத்தை நீங்கள் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.