வானமும் வேண்டும், கூடும் வேண்டும்

2023-ஆம் ஆண்டு செப்டெம்பர் 21-ஆம் நாள் இரவு. போலந்தின் தலைநகரமாகிய வார்சோவில், இங்கிலாந்தின் பழம்பெருங் கழகமான ஆஸ்டன் வில்லாவை லெகியா வார்சோக் கழகம் எதிர்த்து நின்றது. 3-க்கு 2 என்ற கணக்கில் லெகியா வாகை சூடியது. அந்த மூன்று கோல்களில் இரண்டினை அடித்தவர் போலந்து நாட்டவரல்லர்; 22 வயது நிரம்பிய அல்பேனிய இளைஞர். எர்னெஸ்ட் முச்சி என்பது அவர் பெயர். ஐந்து மாதங்கள் சென்றன. துருக்கியின் பெசிக்தாஷ் கழகம் ஏறத்தாழ 1 கோடி யூரோ கொடுத்து அவரைத் தனதாக்கிக் கொண்டது.

தன் மைந்தன் ஒருவன் பெறும் புகழைக் கேட்டு ஒரு சிறு நாடு மகிழ்வது இயல்பு. மகிழட்டும். ஆனால், கைதட்டலின் ஓசை அடங்கிய பின்னர் எழவேண்டிய வினா ஒன்றுண்டு. அல்பேனியா தன் மைந்தனை உலகுக்கு வழங்கியதா? அன்றி, வைத்துக்கொள்ள வகையின்றி இழந்ததா?

முச்சியின் வரலாறு நெடியதன்று. 2001-இல் திரானா நகரிற் பிறந்தார். அந்நகரின் பெயரையே தாங்கிய கழகத்தில் வளர்ந்தார். முன்னணியில் ஓரத்திலும் ஆடுவார். நடுவே நின்று பந்தைப் பகிர்ந்தும் ஆடுவார். திரானாக் கழகம் 2017-இல் தன் வரலாற்றில் முதன்முறையாக முதற்பிரிவிலிருந்து வீழ்ந்தது; பின் எழுந்து, 11 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2020-இல் மீண்டும் நாட்டின் வெற்றிக் கழகமாயிற்று. அவ்வணியில் முச்சியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 19. அதற்கடுத்த பெப்ரவரியில் அவர் போலந்தில் இருந்தார்! வென்ற கழகம், வெற்றிக்கு உழைத்த இளங்காளையை ஓராண்டு தானும் வைத்துக்கொள்ள இயலவில்லை.

இதனைக் கண்டு, "பிறந்த மண்ணை மறந்து பொன்னைத் தேடிப் போனார்" என்று இளைஞரைப் பழிப்பது எளிது. எந்த நாட்டிலும் இவ்வாறு பேசுவோர் உண்டு. அப்பழிப்பினை நாம் ஏற்க மாட்டோம். விளையாட்டு வீரனின் தொழிற்காலம் குறுகியது. 35 வயதில் அவன் கிழவன். வயலுள்ளவன் விதைக்கும் பருவத்தில் விதைக்கத்தான் வேண்டும். மேலும், போகும் உரிமை இல்லாத காலம் எத்தகையது என்பதை அல்பேனியாவைப் போல் அறிந்த நாடு ஐரோப்பாவில் வேறில்லை.

1944 முதல் 1985 வரை அந்நாட்டை என்வர் ஹோஜா ஆண்டார். எல்லைகள் அடைக்கப்பட்டன. அரசின் இசைவின்றி நாட்டைவிட்டு ஓடுதல் தேசத்துரோகம் எனப்பட்டது. அந்த இருளிலும் திறமைக்குக் குறைவிருக்கவில்லை. 1967 டிசெம்பர் 17-ஆம் நாள், மேற்கு ஜேர்மனியின் பேரணியைத் திரானாவில் கோலின்றிச் சமன் செய்து, அவர்களை 1968 ஐரோப்பியக் கிண்ணத்துக்குள் நுழையவொட்டாமல் தடுத்தது அல்பேனியா. அக்காலத்தில் ஆடியவர் பனயோத் பானோ. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம் தன் 50-ஆம் ஆண்டு நிறைவையொட்டி நாட்டுக்கொரு பொன்வீரரைப் பெயரிடக் கேட்டபோது, அல்பேனியா பெயரிட்டது அவரையே. ஆயினும், பானோவின் கால்கள் எந்த வெளிநாட்டுக் கழகத்துக்காகவும் ஆடியதில்லை. வாயில் அடைபட்டிருந்தது. அடைத்து வைத்தலால் நாடு வளர்ந்ததா? இல்லை. வீரனும் வாடினான், நாடும் வாடிற்று.

பின்னர் வாயில் திறந்தது; திறந்தது என்பதினும் உடைந்தது என்பதே பொருந்தும். 1991 ஓகஸ்டில், 'விலோரா' என்னும் சரக்குக் கப்பலில் ஏறத்தாழ 20,000 அல்பேனியர் தொற்றிக்கொண்டு இத்தாலியின் பாரித் துறைமுகத்தை அடைந்தனர். மிகப் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆயினும் வெள்ளம் நிற்கவில்லை. 1989-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஏறத்தாழ 32 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, 2023-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 24 இலட்சமாகச் சுருங்கிவிட்டது. போரில்லை, பெருங் கொள்ளை நோயாலும் அன்று. பிறப்புக் குறைந்ததும் ஒரு காரணமே. எனினும் தலையாய காரணம், பிள்ளைகள் போய்விட்டனர் என்பதே.

இந்தப் பின்னணியிலேயே 2024 யூன் 15-ஆம் நாள் டோர்ட்முண்ட் அரங்கிற் நிகழ்ந்ததை நோக்க வேண்டும். ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் அல்பேனியாவும் இத்தாலியும் மோதின. ஆட்டம் தொடங்கி 23-ஆம் வினாடியில் நெதிம் பைராமி கோல் அடித்தார். அக்கிண்ணத்தின் வரலாற்றில் அத்துணை விரைவில் எவரும் கோல் அடித்ததில்லை. அரங்கில் நிறைந்திருந்த செங்கொடிகள் கடலாய்ப் பொங்கின. 33 ஆண்டுகளுக்கு முன் கப்பலோடு திருப்பப்பட்ட மக்கள், ஒரு கணம் இத்தாலியைத் தலைகுனிய வைத்தனர். முடிவில் இத்தாலி 2-க்கு 1 என வென்றது எனினும், அக்கணத்தின் இனிமையை யாரே பறிக்க வல்லார்?

ஆனால், அந்தப் பைராமி யார்? சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிற் பிறந்தவர். அந்நகரின் கிராஸ்ஹொப்பர் கழகத்திற் பயின்றவர். சுவிற்சர்லாந்தின் இளையோர் அணிகளில் ஆடியவர். குருதி அல்பேனியக் குருதி. பயிற்சி சுவிஸ் நாட்டுப் பயிற்சி. பிறந்த நாட்டை விட்டுப் பெற்றோரின் இனத்துக்காக ஆட அவர் துணிந்தது அவருடைய பெருந்தன்மை. அப்பெருந்தன்மையை அல்பேனிய அரசியலார் தம் சாதனையாகக் காட்டுவார்களாயின், அதனை நாம் நகைப்புக்குரியதென்போம். உழுதவன் ஒருவன், நீர் பாய்ச்சியவன் ஒருவன். களத்துமேட்டில் நின்று மீசை முறுக்குபவன் வேறொருவனா?

எனவேதான் முச்சியின் வாழ்க்கை நமக்கு முதன்மையாகப் படுகிறது. அவர் புலம்பெயர்ந்தோர் மகனல்லர். திரானாவிற் பிறந்து திரானாவில் வளர்ந்தவர். அம்மண்ணிலும் வித்து முளைக்கும் என்பதற்குச் சான்றாய் நிற்பவர். முளைத்தபின் ஊன்றி நிற்க இடமில்லை என்பதற்கும் அவரே சான்று.

விற்கப்பட்ட வீரனின் வாழ்வோ மலர்ப்படுக்கையன்று. பெசிக்தாஷில் சேர்ந்த மூன்று மாதங்களில் அவர் துருக்கிக் கிண்ண வெற்றியில் பங்குகொண்டார். ஆனால், 2024 பெப்ரவரி தொடக்கம் 2025 ஓகஸ்ட் வரை அக்கழகத்தில் சாந்தோஸ் போய், வான் பிரொங்க்ஹோர்ஸ்ட் வந்து போய், சூல்ஷேரும் வந்து போனார். பயிற்றாளர் மாறுந்தோறும் ஆட்டமுறை மாறும். ஆட்டமுறை மாறுந்தோறும் இளைஞனின் இடம் ஆட்டங் காணும். 2025-இல் முச்சி திரப்சொன் நகர்க் கழகத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டார். மனிதனை இரவல் கொடுப்பது இவ்வாணிகத்தின் வழக்கு! 24 வயதுக்குள் மூன்று நாடுகள், நான்கு கழகங்கள்.

செய்யத்தக்கது யாது? வாயிலை மீண்டும் அடைத்தல் மருந்தன்று. அது நோயினுங் கொடியது. ஆனால் திறந்த வாயிலின் வழியே பொருள் திரும்பி வரவும் வழியுண்டு. உலக உதைபந்தாட்டச் சங்கத்தின் விதி ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு வீரர் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து மற்றொரு நாட்டுக் கழகத்துக்கு விலைக்கு மாறும்போது, அவ்விலையில் நூற்றுக்கு 5 பங்கு, அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களிடையே ஆண்டுக் கணக்கின்படி பகிரப்படல் வேண்டும். 1 கோடி யூரோவாயின் பகிர்வுக்குரிய தொகை 5 இலட்சம். சிறிய நாட்டுக் கழகம் ஒன்றுக்கு அதிற் கிடைக்கும் பங்கு சிறு தொகையன்று.

அப்பணம் வந்தால் எங்கே போகவேண்டும்? அடுத்த பெயர்பெற்ற வெளிநாட்டு வீரரின் சம்பளத்துக்கா? அல்ல. 12 வயதுச் சிறுவன் ஓடும் புற்றரைக்கு. அவனைப் பயிற்றும் ஆசானின் ஊதியத்துக்கு. மழைக்கால மாலையிலும் எரியும் விளக்குக்கு. எந்த வீரரால் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்பதை ஒவ்வொரு கழகமும் ஆண்டுதோறும் மக்கள்முன் வைக்கட்டும். அரசும் தன் பங்கினைச் செய்யட்டும். திரானாவில் பழைய கெமால் ஸ்தாபா அரங்கை 2016-இல் இடித்து, 2019-இல் 22,000 பேருக்கு இடங்கொள்ளும் புதிய அரங்கை எழுப்பினார்கள்; அதனோடு வானளாவிய விடுதிக் கோபுரமும் எழுந்தது. கோபுரம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் கோபுரத்தில் ஏறி எந்தச் சிறுவனும் பந்துதைக்கப் பழகுவதில்லை. அவன் பழகுவது தன் தெருக்கோடித் திடலில். அத்திடல் இருக்கிறதா என்பதே ஆட்சியை அளக்கும் அளவுகோல்.

அல்பேனியரின் கொடியில் இருதலைக் கழுகு பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு தலை வெளியுலகை நோக்கட்டும். அது சிறகின் உரிமை. மறு தலை வீட்டை நோக்கட்டும். அது கூட்டின் கடமை. போகும் உரிமை எவராலும் பறிக்கப்படலாகாது. போயே தீரவேண்டும் என்னும் கட்டாயமோ ஒழிக்கப்படல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதுதான் விடுதலை பெற்ற நாட்டின் இலக்கணம். முச்சி போன்ற பத்து இளைஞர் போகட்டும். அவர்தம் இடத்தில் நூறு சிறுவர் திரானாத் திடல்களில் ஓடிக்கொண்டிருக்கட்டும். அன்றுதான் அந்நாடு தன் மைந்தரை உலகுக்கு வழங்கியது என்று சொல்லலாம். அதுவரை, இழந்தது என்றே சொல்ல வேண்டும்.