குடியுரிமை: இரண்டு சொல் விடை போதுமா?

“இலங்கையில் குடியுரிமை பெறும் இரண்டு வழிகளைக் குறிப்பிடுக.” இவ்வினாவிற்கு வம்சாவளி, பதிவு என எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். ஆயினும் குடியியற் கல்வி அவ்விரு சொற்களுடன் நின்றுவிடலாகாது என்பதே எமது கருத்து.

1931 ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பின் மூலம் சர்வசன வாக்குரிமை கிடைத்தது என்பதை மாணவர்கள் நன்கு அறிவர். 1948 என்றாலோ சுதந்திரம் என்று மட்டுமே எழுதப் பழகிவிட்டோம். அதே ஆண்டில்தான் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. வம்சாவளிக் குடியுரிமை பெறுவதற்குத் தந்தையும் இங்கு பிறந்தவராக இருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். லயன் அறைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரிடம் மூன்று தலைமுறைக்குரிய பிறப்புச் சான்றிதழ்கள் எங்கே இருந்தன? 1947 தேர்தலில் வாக்களித்து, தமது பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பியவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1949 இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, வாக்குரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியதாக்கப்பட்டது.

இதன் பின்னர் 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. (மனிதரைப் பங்கிட்ட கணக்கு இது, பயிற்சி வினாக்களில் வெறும் எண்ணாகவே வந்துபோகிறது.) எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே வழி திறந்தது. 1948 முதல் எண்ணினால் 55 ஆண்டுகள்.

இவ்வரலாற்றைப் பாடத்துடன் சேர்த்துக் கற்பித்தால் பாடவேளை போதாது என்பர் சிலர். நாம் அதை ஏற்கவில்லை. பரீட்சை எழுதுவதற்காகத் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் மாணவரிடம் முதலில் கேட்கப்படுவது பிறப்புச் சான்றிதழே. விண்ணப்பத்தில் கையொப்பம் பெறும் அந்த வாரத்திலேயே இப்பாடத்தைத் தொடங்கலாம். சட்டம் என்பது கையிலுள்ள ஒரு கடதாசியுடன் எவ்வாறு பிணைந்துள்ளது என்பதை விளக்க வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

மாணவர்களே, உங்கள் பாட்டனும் பாட்டியும் முதன்முதலில் எந்த ஆண்டில் வாக்களித்தனர் என வீட்டில் கேளுங்கள். அந்த ஆண்டைக் குறிப்புப் புத்தகத்தில் வம்சாவளி, பதிவு என்று எழுதியுள்ள பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லோருடைய ஆண்டும் ஒன்றாக இராது. ஏன் என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.