தொடங்கிவிடலாம், அடுத்த செயலவை யார்?

எங்கள் தனியார் கல்லூரியில் தமிழ் மாணவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. “இத்தனை பேருக்கு ஒரு தமிழ்க் கழகமா?” என்று கேட்கிறார்கள். 1906இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் ஏழே பேர் சேர்ந்து ‘ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா’ என்ற சகோதரத்துவ அமைப்பைத் தொடங்கினார்கள். படிப்பில் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கக் கூடியவர்கள் அவர்கள். அது இன்றும் இயங்குகிறது. ஆகவே, எண்ணிக்கை தடையல்ல.

என் கவலை வேறு. டிப்ளோமா படிப்பு இரண்டரை ஆண்டில் முடிந்துவிடும். சட்டவிதி எழுதி, ஆலோசகராக ஒரு விரிவுரையாளரைத் தேடி, மாணவர் விவகாரப் பிரிவின் அனுமதி வாங்குவதற்குள் ஒரு தவணை ஓடிவிடும். பிறகு ஒரு தீபாவளி கலை இரவு. அதோடு தொடங்கியவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டால், பதாகை மட்டும் ஸ்டோர் அறையில் கிடக்கும்.

அதனால்தான் சொல்கிறேன்: துணைச் செயலாளர், துணைப் பொருளாளர் இரண்டு பொறுப்புகளையும் முதல் தவணை மாணவர்களுக்கே கொடுங்கள். கூட்டக் குறிப்பும் கணக்குப் புத்தகமும் இப்போதே அவர்கள் கைக்குப் பழகட்டும். டி-சட்டையின் நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் (எங்கள் முதல் கூட்டத்தில் பாதி நேரம் அதற்கே போனது!). வாரம் ஒரு மாலை, கணக்கியலில் திணறும் புதிய மாணவரோடு நூலகத்தில் உட்காருங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தைக் கூட்டப்போவது அவர்தான்.