பாலும் இருந்தது, பசியும் இருந்தது

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் பழமும் பிள்ளைக்கு ஒரு சட்டையும் கொண்டு போவார்கள். கூடவே ஒரு கேள்வியும் போகும். "பால் பத்துதா?"

அன்பான கேள்விதான். ஆனால் நாலு இரவு தூங்காத, தையல் இன்னும் ஆறாத பச்சை உடம்புக்காரிக்கு அது பரீட்சை முடிவைக் கேட்பதுபோல் இருக்கும். பத்தவில்லை என்று அவள் சொல்லிவிட்டால் போதும். ஒருவர் பூண்டு என்பார், ஒருவர் சுறாப்புட்டு என்பார், மூன்றாமவர் காரை எடுத்துக்கொண்டு பால்மாவு டின் வாங்கப் போய்விடுவார்.

சில வாரங்களுக்கு முன் வானொலியில் தாய்ப்பால் பற்றிப் பேசினேன். நிகழ்ச்சி முடிந்த பிறகும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. பெரும்பாலானவர்கள் கேட்டது பால் ஊற என்ன சாப்பிட வேண்டும் என்றுதான். பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"எனக்குப் பால் இருக்கு அக்கா. சட்டை நனைஞ்சு போகுது. ஆனா பிள்ளை ஒரு மணி நேரம் குடிச்சிட்டும் அழுறான். அவன் அழ ஆரம்பிச்சாலே எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவு வலி."

பாலும் இருக்கிறது, பிள்ளைக்குப் பசியும் இருக்கிறது, இரண்டும் சந்திக்கவில்லை. நம் குடும்பங்களில் அதிகம் பேசப்படாத பிரச்சினை இது. அவரிடம் அனுமதி கேட்டு, பெயரைச் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

பதினெட்டாம் நாள்

அப்போது பிள்ளைக்குப் பதினெட்டு நாள். பிறந்த எடையை இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. மாமியார், "உன் பால் தண்ணிப் பால்" என்றார். அம்மா பத்தியச் சாப்பாட்டில் பூண்டைக் கூட்டினார். ஒரு கிளினிக்கில், "முதல் பிள்ளைக்கு எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னோர் இடத்தில் பிள்ளையின் வாயைத் திறந்து ஒரு நொடி பார்த்துவிட்டு, "டங் டை, லேசரில் வெட்டணும்" என்றார்கள். பிறையில் இரவு வேலை பார்க்கும் கணவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டின் வாங்கி வைத்துவிட்டார்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆனால் அந்தப் பதினெட்டு நாளில், பிள்ளை பால் குடிப்பதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

நான் மருத்துவர் இல்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் பேசுகிறவள். அதனால், "உங்கள் சுகாதார கிளினிக் மிஸ்ஸியிடம், பிள்ளை குடிக்கும்போது முழுசாகப் பாருங்கள் என்று கேளுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போனார். தாதி இருபது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பிள்ளை காம்பை மட்டும் கவ்விக்கொண்டிருந்தது. தலையணையை மாற்றி, பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பிப் பிடிக்கச் சொன்னார். பிள்ளை வாயை அகலத் திறக்கும் வரை காத்திருந்து, பிறகு மார்போடு அணைக்கச் சொன்னார். வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் காம்பு இன்னும் நசுங்கித்தான் வெளியே வந்தது. பிள்ளை அழும்போது நாக்கு மேலே எழும்பவில்லை. அதன் நுனி இதய வடிவில் உள்ளே இழுபட்டிருந்தது. தாதி மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தார்.

நாக்குக்கு அடியில் ஒரு சிறு சவ்வு

நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அடியில் மெல்லிய சவ்வு ஒன்று தெரியும். அது எல்லாருக்கும் உண்டு. சில குழந்தைகளுக்கு அது குட்டையாக, இறுக்கமாக, நாக்கின் நுனிக்கு அருகில் ஒட்டியிருக்கும். இதைத்தான் 'டங் டை' என்கிறார்கள். தமிழில் நாக்குக்கட்டு என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கிடும் முறையைப் பொறுத்து, நூறு குழந்தைகளில் 4 முதல் 10 பேருக்கு இது இருக்கலாம்.

புட்டியில் குடிப்பது வேறு, மார்பில் குடிப்பது வேறு. மார்பில் குடிக்கும் பிள்ளை நாக்கைக் கீழ் ஈறுக்கு மேல் நீட்டி, மார்பை ஒரு கிண்ணம்போல் ஏந்திப் பிடிக்க வேண்டும். பிறகு நாக்கு கீழே இறங்கும்போது வாய்க்குள் உறிஞ்சும் விசை உண்டாகும், பால் வரும். நாக்கு நீளவும் உயரவும் முடியாவிட்டால் பிள்ளை ஈறால் கடித்துப் பிழைக்கப் பார்க்கும். காம்பு நசுங்கும், வெடிக்கும். குடிக்கும்போது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கலாம். பிள்ளை களைத்துத் தூங்கிவிட்டு, கொஞ்ச நேரத்தில் பசித்து எழும்.

அடுத்து நடப்பதுதான் முக்கியம். மார்பில் பால் எவ்வளவு வெளியேறுகிறதோ அந்த அளவுக்குத்தான் புதிதாகச் சுரக்கும். பால் தங்கினால் முதலில் மார்பு கட்டிக்கொள்ளும், காய்ச்சல்கூட வரலாம். நாளடைவில் சுரப்பும் குறையும். அப்போது எல்லாரும், "பார்த்தியா, பால் இல்ல" என்பார்கள். இருந்த பால்தான் இல்லாமல் போயிருக்கும். பூண்டும் சுறாப்புட்டும் தாய்க்கு நல்ல சாப்பாடு. ஆனால் பிள்ளையின் வாயில் இருக்கும் சிக்கலை அவை அவிழ்க்காது.

நம் பாட்டிமார் நாக்கைக் கவனிக்காதவர்கள் அல்லர். பேச்சு திருத்தமாக வரட்டும் என்று வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார்கள். பிறந்ததும் சேனை தொட்டு வைத்தார்கள். அந்த அன்பை மதிப்போம், ஆனால் செய்முறையை விட்டுவிடுவோம். ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து. மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சி வெளியே விடவும் வேண்டாம். நாக்குக்கட்டு வசம்பால் இளகாது.

வெட்டத்தான் வேண்டுமா?

பட்டர்வொர்த் பிள்ளைக்கு வெட்டினார்கள். துணியில் சுற்றி, நாக்கைத் தூக்கி, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. சில நொடிகள், சில சொட்டு இரத்தம். உடனே தாயின் மார்பில் போட்டார்கள். மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். புண் ஆறவும், பிள்ளை புதிதாகக் குடிக்கப் பழகவும் இரண்டு வாரம் பிடித்தது. அதுவரை மிஸ்ஸி சொன்னபடி பாலைப் பீய்ச்சிச் சிறு கோப்பையில் கொடுத்தார். பிறகு எடை ஏறியது.

இதைப் படித்துவிட்டு உடனே பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்காதீர்கள். அதே நிகழ்ச்சிக்குப் பிறகு பேசிய இன்னொரு தாயின் பிள்ளைக்கும் அந்தச் சவ்வு நன்றாகவே தெரிந்தது. அவருக்குப் பிடிக்கும் விதத்தை மாற்றியதோடு வலி நின்றது. வெட்ட வேண்டிய தேவையே வரவில்லை.

அமெரிக்காவில் மருத்துவமனைகளில் நாக்குக்கட்டு என்று பதிவான குழந்தைகள் 1997இல் 3,934 பேர். 2012இல் 32,837 பேர். பதினைந்து ஆண்டில் குழந்தைகளின் நாக்கு மாறிவிடவில்லை, பார்ப்பவர்களின் கண்தான் மாறியது. நாக்குக்கட்டு உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் சிரமம் வருகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2024இல் சொன்னது. சாதாரணக் கத்தரிக்கோலைவிட லேசர் மேல் என்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை. 2017இல் காக்ரேன் குழுவினர் 302 குழந்தைகளைக் கொண்ட ஐந்து ஆய்வுகளை ஒன்றாகப் பரிசீலித்தார்கள். வெட்டிய பிறகு தாயின் வலி குறைகிறது என்பது தெரிந்தது. பிள்ளை குடிப்பது எல்லாருக்கும் மேம்படுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆக, நாக்குக்கட்டு ஒன்றுமே இல்லை என்பதும் தவறு, எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்பதும் தவறு. டின்னுக்கும் கத்தரிக்கோலுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வேளைப் பாலை முழுதாகப் பார்க்க வேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம்

இந்தப் பக்கத்துத் தாய்மார் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. ஆகஸ்டு 1 முதல் 7 வரை உலகமெங்கும் தாய்ப்பால் வாரம் கொண்டாடுகிறார்களே, அதை ஒருங்கிணைக்கும் 'வாபா' என்ற உலகக் கூட்டமைப்பின் தலைமையகம் பினாங்கில்தான் இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறினால் போய்விடும் தூரம். 1991இல் அந்த அமைப்பு தொடங்கியது, 1992இல் முதல் தாய்ப்பால் வாரம் வந்தது. அதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் பினாங்குப் பயனீட்டாளர் இயக்கத்தில் பேர்போன அன்வர் ஃபசால்.

அதற்கும் முந்தைய கதை நம் தோட்டங்களின் காலத்தது. நம் பாட்டிமார் விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனார்கள். சீசலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1936இல் மலாயாவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் பெண்களுக்குத் தாதி உடை மாட்டி வீடு வீடாக அனுப்பி, இனிப்பூட்டிய டின் பாலைக் கைக்குழந்தைக்கு நல்லது என்று விற்றார்கள். அதைக் குடித்த பிள்ளைகள் நோஞ்சானாகிச் செத்ததை அவர் கண்ணால் பார்த்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அதைப் பற்றிப் பேசினார். பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'.

இன்றைய பால்மாவு அன்றைய டின் பால் அல்ல. மருத்துவக் காரணத்தால் கொடுக்க வேண்டி வந்தால் தயங்காமல் கொடுக்க வேண்டும். கொடுக்கும் தாயைக் குறை சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் உதவி கிடைக்காததால் டின்னை எடுப்பதும், தேவையால் எடுப்பதும் ஒன்றல்ல. 2016 தேசிய உடல்நல ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 47.1 விழுக்காட்டினர்தான் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். மீதிப் பிள்ளைகளின் தாய்மாரில் எத்தனை பேருக்கு அந்த இருபது நிமிடம் கிடைத்திருக்கும்?

வீட்டில் செய்யக்கூடியது

குடிக்கத் தொடங்கும்போது சில நொடி கூச்சம் இருக்கலாம். குடித்து முடியும் வரை வலித்தால் அது சரியில்லை. பிள்ளையின் காது, தோள், இடுப்பு ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும். தாடை மார்பைத் தொட வேண்டும், மூக்கு விலகியிருக்க வேண்டும். காம்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். குடித்து முடித்ததும் காம்பின் வடிவத்தைப் பாருங்கள். உதட்டுச் சாயக் குச்சிபோல் ஒரு பக்கம் சரிந்து நசுங்கியிருந்தால் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள்.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது டயப்பர் நனைய வேண்டும். மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பியிருக்க வேண்டும். பிள்ளை எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, டயப்பர் நனைவது குறைந்தாலோ, மஞ்சள் காமாலை கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பிரசவத்துக்குப் பின் சுகாதார கிளினிக் தாதியர் வீட்டுக்கே வருகிறார்கள். வரும்போது பிள்ளையைத் தூங்க வைத்து, வீட்டைப் பெருக்கி, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதற்குப் பதில் அவர் வரும் நேரத்தில் பால் கொடுங்கள். "கொஞ்சம் உட்கார்ந்து பாருங்க மிஸ்ஸி" என்று கேளுங்கள். யாராவது வெட்ட வேண்டும் என்றால், பால் குடிப்பதைப் பார்த்த பிறகு சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 ஜனவரி முதல் தனியார் துறையிலும் தாய்க்கு 98 நாள், தந்தைக்கு 7 நாள் விடுப்பு உண்டு. அந்த ஏழு நாளில் மனைவிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள், தலையணையைச் சரி செய்யுங்கள், டயப்பரை எண்ணி எழுதி வையுங்கள். கிளினிக்குக்குக் கூடப் போய், அவர் சொல்லத் தயங்கும் வலியை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும் நாமும் கேள்வியை மாற்றிக்கொள்வோம். "பால் பத்துதா?" வேண்டாம். "வலிக்குதாம்மா?" என்று கேட்போம். ஆமாம் என்றால், கூட்டிப்போக ஆள் இருக்கிறதா என்றும் கேட்போம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.