மலிவான .22 தோட்டா... திடீர்னு கடைகளில் காலியானது ஏன்?

அமெரிக்காவில் புதுசா துப்பாக்கி சுடப் பழகுபவர்கள் பலரும் முதலில் வாங்குவது .22 ரைஃபிளைத்தான். காரணம், தோட்டா விலை குறைவு. ஆனால் 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு நிலைமை தலைகீழானது. கட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற பயத்தில் பலரும் பெட்டி பெட்டியாக வாங்கிக் குவிக்க, தட்டுப்பாடு வந்தது.

பெரிய ரகத் தோட்டாக்களின் வெற்றுக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பலாம். .22 தோட்டாவில் தீப்பற்றும் ரசாயனம் கூட்டின் விளிம்புக்குள் இருக்கும். ஒருமுறை சுட்டாலே விளிம்பு நசுங்கிவிடும். ஆகவே ஆலையை நம்பித்தான் ஆகணும்.

சரி, கிடைத்ததை வாங்கலாமா? செமி-ஆட்டோமேட்டிக்கில் தோட்டா வெடிக்கும் விசைதான் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்றுகிறது. விசை குறைந்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும். அதனால்தான், சின்னப் பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்குகிறார்கள் அனுபவசாலிகள்.